வாசகம் ஒன்றே வழியன்று

சைவப் பாடசாலை உபாத்தியாயர்களே! நம் ஆகமங்கள் தீட்சையை நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என எழுவகையாக வகுத்தமை மாணாக்கரது பக்குவபேதம் நோக்கியன்றோ? வாசகம் அவற்றுள் ஒன்றேயாம். அங்ஙனமாக, 1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் என்னும் வைத்தியர் விவரித்த ஓட்டிசத்தையுடைய பிள்ளையொருவன் வாய்ச்சொல்லுக்கு மறுமொழி கூறானாயின், அவனை மந்தனென்று பின்வாங்கில் இருத்துதல் எவ்வாற்றாற் பொருந்தும்?

மணியோசைக்கு அவன் செவிபொத்துதல் பக்தியின்மையன்று. அவ்வோசை அவனுக்குப் பொறுத்தற்கரிய நோவாதலுங் கூடும். பிரார்த்தனையின்போது அவனைச் சற்றுத் தூரத்தே நிற்க விடுக. அன்றைய பாடவொழுங்கைப் படமாக வரைந்து காலையிலேயே காட்டுக. மாறுமாயின் முன்னரே அறிவிக்குக. தொடுதற்கு அஞ்சுவானைத் தொடாதொழிக. (பிரம்பைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?)

மாற்றுத்திறனுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதிபர்காள், சேர்க்கை விண்ணப்பத்தை மறுத்தெழுதுமுன், பிள்ளை எவ்வழியாற் கற்பானென்று அவன் தாயை வினாவுக.