வீரக்கல்லுக்கு வரிசை உண்டா?

போரில் மாண்டவரை வணங்க எந்தச் சமூகமும் தயங்குவதில்லை. யாரை எவ்வளவு வணங்குவது என்பதில்தான் சிக்கல். கமாண்டோ வீரர் வீழ்ந்தால் சிலை எழுகிறது, திரைப்படம் வருகிறது. அதே போர்முனைக்கு அரிசியும் குண்டும் ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் இறந்தால் துக்கம் அவர் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அறத்தில் இடமில்லை என்றே சொல்வேன். மரியாதை செயலுக்கும் இழந்த உயிருக்கும் உரியது. படைப்பிரிவின் புகழுக்கு அன்று. நம் நடுகல் மரபே இதற்குச் சான்று. மாண்ட வீரனுக்குக் கல் நடுவதில், காட்சியில் தொடங்கி வாழ்த்தலில் முடியும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. கிடைத்திருக்கும் கற்களில் பல, பேரரசர்களின் பெரும்போரில் அல்லாமல் ஊரார் மாட்டை மீட்கும் பூசலில் மாண்டவர்களுக்கு நட்டவை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று, மாண்ட வீரனோடு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. காத்து நின்றதா என்பதே அங்கே கேள்வி. குலமோ பதவியோ அன்று.

சிறப்புப் படையினர் பெரிய ஆபத்தைத் தாமே விரும்பி ஏற்பவர்கள், அவர்களுக்குத் தனி மரியாதை வேண்டாமா என்று கேட்கலாம். உயிரையே பணயம் வைத்து உறுதிமொழி எடுத்த சோழர் காலத்து வேளைக்காரப் படையினரை நினைத்தால் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்பதாக அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த உறுதிக்குரிய பரிசு உயிரோடு இருக்கும்போதே தரத்தக்கது: பதக்கம், ஊதியம், பதவி. சாவில் அரைச் சாவு, முழுச் சாவு என்று கிடையாது. 1917-இல் தோன்றிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் இதை ஏற்றே, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று விதித்தது. அந்த விதி எங்கே உடைந்தது என்பதை ஆணையத்தின் 2021 அறிக்கை ஒப்புக்கொண்டது: முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ எந்த நினைவுமின்றியோ விடப்பட்டார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கர், மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள். சுமை தூக்கியவர்கள் அவர்களில் பலர். வரிசை வைக்கத் தொடங்கினால் கடைசியில் நிற்பவருக்குக் கல்லே மிஞ்சாது.

வீரரைப் போற்றுவது போரையே போற்றுவதாகாதா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நினைவிடத்தைக் காட்டி அடுத்த போருக்கு ஆள் சேர்த்த ஆட்சிகள் உண்டு. ஆனால் அதற்கு வழிசெய்வது நினைவு அன்று, அரைகுறை நினைவு. படைச்செருக்கு அதிகாரத்தின் முதல் குறளில் நடுகல்லாக நிற்பவர்கள் யார்? பாடும் வீரனின் தலைவனை எதிர்த்து நின்ற பகைவர்கள். தன் பக்கத்தான் என்பதால் மட்டும் ஒருவனுக்குக் கல் நடுவதில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது. அந்தத் தெளிவோடு, எதைக் காக்க, யார் ஆணையில், எத்தனை பேர் மாண்டார்கள் என்று முழுக் கணக்கையும் பொறித்தால், அந்தக் கல் போருக்கு ஆள் பிடிக்காது. ஆணையிட்டவரிடம் கணக்குக் கேட்கும்.