பார்த்தவர்களுக்குப் பங்கில்லையா?

கி.மு. 55-இல் ரோமாபுரியில் கல்லால் ஒரு நாடக அரங்கைக் கட்டித் திறந்தார் தளபதி பாம்பியஸ். விழாவின் கடைசி நாள் யானைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. சுமார் 20 யானைகளைக் களத்தில் இறக்கி, ஈட்டிக்காரர்களை ஏவினார்கள். தப்ப வழியில்லை என்றானதும் அவை பிளிறி, கூட்டத்தை நோக்கி மன்றாடுவதுபோல் நின்றன என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. வேடிக்கை பார்க்க வந்த சனம் அழுதுகொண்டே எழுந்து, விழா எடுத்தவரையே சபித்தது. யானைக்கும் மனிதனுக்கும் ஏதோ உறவு இருப்பதாக அன்று எல்லோருக்கும் பட்டது என்று சொற்பொழிவாளர் சிசரோ தன் நண்பருக்கு எழுதினார்.

'அந்தக் காலத்து மக்களுக்கு இரக்கம் தெரியாது' என்ற சமாதானம் இந்த ஒரு நாளிலேயே அடிபட்டுப் போகிறது. இரக்கம் தெரிந்தவர்கள்தான் அதற்குப் பிறகும் பல நூறு ஆண்டுகள் மனிதர் சாவதைப் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள்.

வரவழைத்தது அரசியல். பதவி வேண்டியவர்கள் காட்சி நடத்தினார்கள். பதவிக்கு வந்தவர்கள் இன்னும் பெரிதாக நடத்தினார்கள். கி.பி. 80-இல் கொலோசியத்தைத் திறந்த பேரரசர் டைட்டஸ் 100 நாள் விழா எடுத்தார். காட்சி நேரத்தில் ஜூலியஸ் சீசர் கடிதம் படித்தது மக்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கெட்ட பெயர் தனக்கு வரக்கூடாதென்று அகஸ்டஸ் கவனம் சிதறாமல் பார்த்தார். ஆள்பவரும் தங்களோடு சேர்ந்து ரசிக்க வேண்டும் என்று கேட்ட மக்களை, ஏமாற்றப்பட்ட அப்பாவிகள் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

தத்துவஞானி செனகா ஒரு நடுப்பகலில் காட்சிக்குப் போனார். கவசமில்லாத கைதிகள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். கைதி தண்டனைக்கு உரியவனாகவே இருக்கட்டும், அதைப் பார்க்க நேர்வதற்கு நீ என்ன பாவம் செய்தாய் என்பதுதான் அவர் கேள்வி. கூட்டத்தை விட்டு விலகு என்பது அவர் சொன்ன மருந்து. அது போதாது. ஒருவர் எழுந்து போனாலும் களத்தில் வெட்டு நிற்பதில்லை.

விலகியிருக்க நினைத்தவர்தான் புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸ். நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றபோது கண்ணை இறுக மூடி உட்கார்ந்தார். கூட்டம் அலறியது, கண் திறந்தது. பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை. மற்றவர்களையும் அழைத்துப் போகும் அளவுக்கு அது வெறியானது என்று அகுஸ்தினார் பதிவு செய்கிறார். பின்னாளில் மனம் திரும்பி ஆயரானவர் இந்த அலிப்பியுஸ்.

ஆகவே பார்ப்பவருக்கும் அந்த ரத்தத்தில் பங்குண்டு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெலிமாக்கஸ் என்ற துறவி களத்தில் இறங்கி வாள்வீரர்களைத் தடுக்க முயன்றதாக வரலாற்றாசிரியர் தியோடரெட் எழுதுகிறார். அவரைக் கல்லால் அடித்துக் கொன்றவர்கள் பார்வையாளர்கள்.