பிணியுற்றார்மாட்டு வினையுரைத்தல்

சென்ற ஆண்டு, எம்மோடு ஒருசாலைப் பயின்ற நண்பரொருவர்க்கு இரைப்பையிற் புற்றுநோய் கண்டது. மருந்தைக் குருதிநாளத்தில் ஏற்றுஞ் சிகிச்சை மூன்று வாரத்திற்கொருமுறை நடைபெற்றது. முதன்முறை மருந்தேறிய பின்னர்க் காணச் சென்ற யாம், ஆறுதல் கூறுவதாக எண்ணி, "எல்லாம் பிராரத்தம், நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்றேம். அவர் நெடுநேரம் சுவரை நோக்கியிருந்து, "அது யானும் பாடஞ் சொன்னதே. நீர் நாளை வருவீரா?" என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

யாம் கூறியது சித்தாந்தத்துக்கு மாறன்று. உடலொடு வரும் இன்ப துன்பங்கள் பிராரத்தப் பயனென்பதும், அதனை ஊட்டுவோன் இறைவனென்பதும், அவ்வூட்டலும் அருளே என்பதும் நூற்றுணிபு. ஆயின், உண்மையாவதெல்லாம் யாவரும் எவ்விடத்தும் உரைக்கத்தக்கதாமோ? துன்புறுவோன் தானே உன்னுங்கால் அது பொறையாகும். நலமுற்றிருப்போன் பக்கலில் நின்று உரைக்குங்கால் தீர்ப்பாகிவிடும். எவ்வினை எவ்வுடற்கண் எப்பயனாய் விளைந்ததென்பது முதல்வனொருவனே அறிவது. யாமோ அறிந்தார்போலப் பேசினேம். நண்பர் நுகர்வது அவர்தம் பிராரத்தமாயின், எம் வன்சொல் எமக்கு ஆகாமியமாக ஏறிற்றென்பதை அன்றிரவே உணர்ந்தேம்.

அற்றேல், வினைப்பயன் நுகர்வாரை மருந்தாலுந் துணையாலுந் தாங்குதல் முறையோவெனின், முறையே. கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தர் அதனை வினைப்பயனென்று விட்டு வாளா இருந்திலர். திருநீலகண்டப் பதிகம் அருளிப் போக்கினார். திலகவதியாரோ, தம்பியாரைச் சூலை தந்து ஆட்கொள்வதாக இறைவன் கனவில் உரைத்தமையை முன்னரே அறிந்தவர். அறிந்தும், தம்பியார் வந்து அடியில் வீழ்ந்தபோது, பரசமயத்தில் வீழ்ந்தமையை ஒரு சொல்லாற் சுட்டிய அளவில் அமைந்து, எழுமாறு கூறித் திருநீறளித்து, திருவலகும் தோண்டியும் கைக்கொண்டு திருவதிகை வீரட்டானத்துக்குத் தாமே உடனழைத்துச் சென்றார் எனச் சேக்கிழார் கூறுவர். காரணந் தெரிந்தவரே இங்ஙனமாயின், தெரியாத எம்மனோர்க்கு அவ்வளவு பேச்செதற்கு? அண்மைக்காலத்தும், 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-இல் அடையாற்றில் அந்நோய்க்கென மருத்துவமனை தோன்றச் செய்தார்.

மறுநாள் முதல் யாம் பேச்சைக் குறைத்துச் சென்றேம். இச்சிகிச்சையிற் புற்றணுக்களோடு, வாய், குடல், மயிர்க்கால் ஆகியவற்றில் விரைந்து வளரும் நல்லணுக்களும் அழிதலின், வாய்ப்புண்ணும் குமட்டலும் மயிருதிர்தலும் உண்டாகின்றன. தாளிப்பு மணமும் பொறுக்கலாகாது. மருந்தேறிய இரண்டாம் வாரத்தையொட்டிக் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்து பிறநோய் எளிதிற் பற்றும். அந்நாளில் அன்பர் திரள்திரளாகச் செல்லுதலும், கோயிற் பிரசாதமேயாயினும் மருத்துவரைக் கேளாது உண்பித்தலும் அன்பாகா. (இதுபற்றி மடத்தன்பர் சிலர் எம்மைக் கடிந்தனர், கடிக.) மருந்திறங்கும் நெடும்பொழுது அருகிருத்தல், சோதனைத் தாள்களை ஒழுங்குபடுத்தி வைத்தல், அவர்தம் மனைவியாரைச் சற்றே உறங்கவிடுதல் ஆகிய இவையே யாம் செய்யவல்லன.

நான்காம் முறையன்று வாய்ப்புண்ணால் அவர்க்கு ஓத இயலவில்லை. எம்மை ஓதுமாறு கையாற் குறித்தார். யாம் ஓரடி தவறினேம். போர்வைக்குள்ளிருந்து விரலசைத்துத் திருத்தினார்.