காணாமலே கொடுத்தவர்கள்

1949 ஜனவரியில் பிரான்சு நாட்டுத் துறவி ஒருவர் திருவண்ணாமலைக்கு வந்தார். பெயர் ஆன்றி லெ சோ; பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். பெனடிக்ட் சபை மடத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு ஜெபத்திலும் மறைநூலிலும் ஊறியவர். இந்தியாவுக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. குளித்தலையில் பங்குப் பணி செய்துவந்த ஜூல் மோன்ஷானின் அடிகளார்தான் அவரை ரமண மகரிஷியிடம் அழைத்துவந்தார்.

லெ சோ, மகரிஷியின் முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டத்தைத் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. எதிரே இருந்தவர் சாந்தமான ஒரு முதியவர்; தம் தாத்தாவைப் போல இருந்தார் என்று பிற்பாடு எழுதினார். ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலேய அம்மையார்தான் காரணத்தைச் சொன்னார்: நீங்கள் மூட்டைமுடிச்சோடு வந்திருக்கிறீர்கள், அறியவும் விளங்கிக்கொள்ளவும் துடிக்கிறீர்கள், வருவதை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறீர்கள். பிறகு லெ சோவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலின் ஊடேதான், தம் அறிவு ஒப்புக்கொள்வதற்கு முன்பே உள்ளே ஆழத்தில் ஏதோ ஒன்று அந்த மனிதரைக் கண்டுகொண்டிருந்தது அவருக்குப் புரிந்தது.

மகரிஷி 1950 ஏப்ரலில் மறைந்தார். 1952 முதல் சில ஆண்டுகள் லெ சோ திருவண்ணாமலையின் மலைக் குகைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து தங்கினார். குருத்துவத்தை அவர் துறக்கவில்லை, திருப்பலியையும் விடவில்லை. கிறிஸ்துவையும் குகை மௌனத்தில் கண்டதையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்ற வேதனை நெடுங்காலம் அவரை விடவில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லிக் கடந்துபோக அவர் மனம் இடம்கொடுக்கவில்லை. அதனாலேயே அவரை நம்புகிறேன்.

மகரிஷியை முதலில் கண்ட அன்று லெ சோவின் கண்ணை மறைத்தது அவிசுவாசம் அல்ல. கடவுள் தன்மை இப்படித்தான் புலப்படும் என்ற தீர்மானமே மறைத்தது. நம்பிக்கையற்றவர்களைத்தான் நாம் குருடர் என்கிறோம். நற்செய்தி நூல்களோ இந்தக் குற்றச்சாட்டைப் பெரும்பாலும் பக்திமான்கள் பக்கமே திருப்புகின்றன.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் இது தெரியும். பிறவிக் குருடன் சீலோவாம் குளத்தில் கழுவிக்கொண்டு பார்வை பெறுகிறான். ஆனால் குணமாக்கியவர் அப்போது பக்கத்தில் இல்லை; அவர் முகத்தை அவன் இன்னும் பார்த்ததே இல்லை. விசாரிப்பவர்களிடம் முதலில் இயேசு எனப்படும் ஒரு மனிதர் என்கிறான். பிறகு இறைவாக்கினர் என்கிறான். பிறகு கடவுளிடமிருந்து வந்தவர் என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்ல அவன் பார்வை விரிகிறது. பரிசேயர் நேர் எதிரான திசையில் போகிறார்கள். ஓய்வுநாளை மீறியவர் கடவுளிடமிருந்து வந்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. கண் திறந்த மனிதன் எதிரே நின்று பேசியும் முடிவு அசையவில்லை. பெற்றோருக்கு உண்மை தெரியும். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தப் பெற்றோரை நான் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. சபை என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும் என்று கண்டதை விழுங்கிவிடுவது நமக்கும் பழக்கமானதுதான்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சி. பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகிய அறுவரில் அரசர் தம்மைக் காட்டுகிறார். இடப்பக்கம் நிற்பவர்கள், உம்மை எப்போது கண்டோம் என்று திகைக்கிறார்கள். இதை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். வலப்பக்கம் நிற்பவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர்களுக்கும் அவர் தெரியவில்லை! பசித்தவனுக்குச் சோறு போட்டபோது அங்கே பசித்த ஒருவனைத்தான் கண்டார்கள். ஆண்டவரைக் காண்பது அந்தக் காட்சியில் நிபந்தனையாகவே இல்லை. எதிரே இருக்கும் ஆளை ஆளாகக் காண்பதே போதுமானதாக இருந்தது.

திருவண்ணாமலையின் வேங்கிக்காலில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பக்கமெல்லாம் இருந்து மனுவோடு ஜனங்கள் வருகிறார்கள். நின்றுபோன முதியோர் உதவித்தொகை, கிடைக்காத பட்டா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று ஆளுக்கொரு குறை. ஞாயிறன்று உம் முகத்தைக் காட்டும் ஆண்டவரே என்று கண்ணீர்விட்டு மன்றாடிய நாம், மறுநாள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம் வேலைக்குப் போகிறோம். ஜெபம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. கேட்டது கிடைத்தும், அது கிடைத்த இடம் நாம் எதிர்பார்த்த இடமாக இல்லாததால் திரும்பி வந்துவிடுகிறோம் என்றே அஞ்சுகிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு மனு எழுதிக்கொடுத்துக் காசு வாங்க மறுப்பவர்கள் உண்டு. எந்த அறைக்குப் போகவேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள். நம் கோவிலுக்குள் ஒருநாளும் வந்திராதவர்கள். இயேசுவின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பு நாளில் வலப்பக்கம் நின்று, உம்மை எப்போது கண்டோம் என்று அவர்கள் வியப்போடு கேட்பார்கள் என்று நான் விசுவசிக்கிறேன்.