கவசத்துக்குப் பின்னால்

கரிசல் காட்டோரம், வேப்பமரத்தடியில் ஒரு கல். காரியாபட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப்பட்ட சாமிகள் உண்டு. எண்ணெய் குடித்துக் கறுத்த அந்தக் கல்லுக்கு மூக்கும் முழியும் கிடையாது. பொங்கல் சாட்டியதும் பூசாரி மஞ்சள் பூசி, இரண்டு வெள்ளிக் கண்மலர்களைப் பதிப்பார். வசதியுள்ள கோயிலென்றால் முகக்கவசமே சாத்துவார்கள். அந்த நிமிடம் முதல் கல் நம்மைப் பார்க்கும். திருவிழா முடிந்து கவசம் பெட்டிக்குள் போனதும் அம்மன் போய்விட்டாள் என்று யாரும் சொல்வதில்லை. மறுநாளும் அதே கல்லுக்குத்தான் விளக்கு.

அப்படியானால் முகம் எதற்கு?

சிவகாசி காலண்டர்கள் முகத்தின் பக்கம் நின்றன. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) முருகனும் மீனாட்சியும் அங்கே அச்சாகி வீடுதோறும் போனார்கள். கன்னத்தில் சதைப்பற்று, கண்ணில் கருணை. தொட்டால் சுடும் போலிருக்கும். அவர் இளமையில் ரமணாசிரமத்தில் தங்கியவர். காரியாபட்டிக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர், ‘நான் யார்’ என்று பெயரையும் உருவத்தையும் கடந்து கேட்கச் சொன்னவர். ஆனால் அவரே ஒரு மலையைத்தான் சிவனாகக் கண்டார். முகமில்லாத மலை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மலை. சைவ சித்தாந்தம் உருவத்துக்கும் அருவத்துக்கும் நடுவே அருவுருவம் என்று ஒன்றை வைத்து, லிங்கத்தை அதில் சேர்த்தது சும்மா இல்லை.

சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995) வேலை செய்தது அந்த நடு இடத்தில். சென்னை ஓவியப் பள்ளியில் ஓவியம் பயின்ற அவர், பிறகு தூரிகையை விட்டுச் சுத்தியலை எடுத்தார். அதே பள்ளியில் ஓவியம் கற்றுச் சிற்பியான எஸ். தனபால் முன்னோடியாக இருந்தார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஜானகிராமும் ஒருவர். செம்புத் தகட்டைத் தட்டிப் புடைத்தார், கம்பிகளைக் கோடுகளாகப் பற்றவைத்தார். விநாயகரும் ஏசுவும் முன்பக்கம் மட்டுமே உள்ள உருவங்களாக எழுந்தார்கள். கோயில் கவசங்களிடமிருந்து அவர் கற்ற பாடம் இது. சதையும் நிழலும் போயின; துதிக்கையின் வளைவும் கண்ணின் வட்டமும் நின்றன.

முழு அரூபம் என்று இதைச் சொல்ல முடியாது. அவர் அந்த விளிம்பில் நின்றுவிட்டார், அங்கேதான் அவருடைய பலம் என்பது இக்கட்டுரையின் எண்ணம். அவர் வேலையை மேற்கிலிருந்து வந்த மோகம் என்று தள்ளுவது அநியாயம். ஸ்பெயினின் ஹூலியோ கொன்சாலெஸ் 1930 வாக்கிலேயே இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர்தான். ஆனால் கொன்சாலெஸுக்குக் கவசம் சாத்தும் பூசாரி கிடையாது. ‘இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று மார்தட்டுவதும் சரியில்லை. வேப்பமரத்தடிக் கல்லை நட்டவர்கள் தத்ரூபத்தைத் துறந்து வந்தவர்கள் அல்ல. ஜானகிராம் துறந்தார். மனிதர்போல வரையத் தெரிந்த கை, வேண்டாமென்று முடிவெடுத்தது.

பூசாரி கவசத்தைக் கழற்றினால் உள்ளே கல் இருக்கும். ஜானகிராமின் விநாயகரைச் சுற்றிப் பின்னால் போனால் அதுவும் இல்லை. சுத்தியல் விழுந்த குழிகள், பற்றவைப்பின் தழும்புகள், பிறகு வெற்றிடம்.