அடுக்களைக்குச் செக்ரோல் உண்டா?

பெரிய குடும்பத்தை நடத்துவது எப்படி என்று கேட்டால் நம்மவர்களில் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றே. "நல்ல மருமகள் வந்து வாய்த்தால் எல்லாம் தானே நடக்கும்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தினுள் அடங்கிக் கிடக்கும் நியாய அநியாயங்களைச் சற்று நிதானமாய் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பத்துப் பேர் உண்ணும் வீட்டில் சோறு தானே வேகுவதில்லை. பாத்திரம் தானே துலங்குவதில்லை. கிழவரின் மருந்தும் குழந்தையின் பாலும் தாமே வேளை பார்த்து வருவதில்லை. யாரோ ஒருவர் செய்கிறார். அந்த ஒருவர் யார், அவர் மட்டும் ஏன் செய்யவேண்டும், அதற்காக வீட்டார் அவருக்குக் கடன்பட்டவர்களா அல்லவா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

தோட்டத்துக் கிராணியாய்ச் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு, உழைப்பு என்றவுடன் கணக்கேடுதான் முதலில் நினைவுக்கு வரும். பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், முழு நாளா, அரை நாளா என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு குறி விழுகிறது. மண்டோர் மறந்தாலும் ஏடு மறப்பதில்லை. ஆனால் அதே பெண், பெரட்டுக்கு வருமுன் செய்த வேலைக்கும், காட்டிலிருந்து திரும்பியபின் செய்யும் வேலைக்கும் எந்த ஏட்டிலும் குறியில்லை. குறியில்லாத வேலையை வேலையென்றே எண்ணாமல் விட்டுவிடுவது மனித சுபாவம். இதிலிருந்தே குடும்பத்தின் பெரும்பாலான சச்சரவுகள் பிறக்கின்றன என்பது நமது அபிப்பிராயம்.

இந்நிலை எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்டது நமது மலாக்காவில்தான்; 1896இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். ரப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறாத குளிர்ந்த வேளையில்தான் அதன் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். பொழுது ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் பெரட்டு, விடிந்ததும் பால்வெட்டு என்று தோட்டத்தின் நேரம் அமைந்தது. பெரட்டு விடியுமுன் என்றால், அடுப்பு அதற்கும் முன் எரியவேண்டும். மரத்தின் இயல்பு தோட்டத்தின் மணியாயிற்று. தோட்டத்தின் மணி பெண்ணின் தூக்கத்தைத் தின்றது. ஆணும் அதே பெரட்டுக்குத்தான் போனான். ஆனால் அவன் எழுந்தபோது தேநீர் ஆற்றி வைக்கப்பட்டிருந்தது. லயத்து வீடோ ஓர் அறையும் அஞ்சடியும் சிறு அடுக்களையும் கொண்டது. அதற்குள் மாமன், மாமி, கொழுந்தன், நாத்தி, பிள்ளைகள் அத்தனை பேரும் அடங்கினார்கள்.

1920களின் இறுதியில், மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியென வகுக்கப்பட்டிருந்தது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. ஆயினும் பெண்ணின் உழைப்பு ஐந்தில் நான்கு பங்கே என்று மதிக்கப்பட்டது. அது அநியாயம் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அடுக்களைக்குள் வந்தால் அந்த ஐந்தில் நான்கும் இல்லை, வெறும் சைபர்தான். துரை செய்த அநியாயத்தைக் கண்டு வெகுண்ட நாம், நமது கூரையின் கீழ் நடக்கும் அதனினும் பெரிய அநியாயத்துக்கு மட்டும் "குடும்பப் பாங்கு" என்று பெயர் வைத்தோம்.

இனி, "அதெல்லாம் பழங்கதை, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டம் போய்ப் பட்டணம் வந்துவிட்டது" என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் நம்மவர் பலர் பாச்சாங், பத்து பெரெண்டாம், செங் முதலிய இடங்களில் குடியேறினர். 1970களில் பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, நமது பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போகலாயினர். மரத்தின் மணி போய்த் தொழிற்சாலைப் பேருந்தின் மணி வந்தது. அடுப்பின் மணி மாத்திரம் மாறவில்லை. கஸானா ஆராய்ச்சி நிலையம் காஜாங்கில் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். கூலியில்லா வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 3.6 மணி நேரமும், ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிடுவதாக அது கூறுகிறது. வெளியே சம்பாதிக்கும் பெண்ணுக்கும் வீட்டில் வேலை குறைந்தபாடில்லை.

நிற்க, பெரிய குடும்பத்துக்கே உரிய ஒரு வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். முதலில் ஆண்கள், பின்பு பிள்ளைகள், அதன்பின் மாமியார், கடைசியில் சமைத்தவள் என்பது பல வீடுகளில் பந்தியின் வரிசை. கறியில் துண்டு மிஞ்சினால் அவளுக்கு. மிஞ்சாவிட்டால் குழம்பும் சோறும். இதைத் தியாகம் என்று புகழ்கிறோம். அரசாங்கம் 2019இல் நடத்திய தேசிய ஆரோக்கிய ஆய்விலோ, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தி ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இரத்தம் குறைந்த உடம்புக்கு மிச்சச் சோற்றையே நாள்தோறும் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைத் தியாகம் என்று எப்படி அழைப்பது? விரும்பிக் கொடுப்பதே தியாகம். வேறு வழியின்றி இழப்பதற்குப் பெயர் வேறு.

"குடும்பம் அன்பினால் நடப்பது, கணக்கினால் அன்று. அடுக்களைக்குள் கணக்கைக் கொண்டு போனால் அன்பு வெளியே போய்விடும்" என்று பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கூலியாளாய்ப் பார்க்கும் வீடு வீடாகாது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று குறிப்பும் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் நட்பு கெட்டதா? குறிப்பு வைக்காத சீட்டில்தான் நட்பு கெடுகிறது. கணக்கு அன்புக்குப் பகையன்று. ஒருவர் மட்டும் கொடுத்துக்கொண்டேயிருப்பதை மறைக்கும் மௌனமே பகை.

நாட்டின் சட்டமும் மெல்ல மெல்ல இந்த உண்மையை நோக்கியே நடந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, முஸ்லிமல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது கட்டாயமாயிற்று, பதிவும் கட்டாயமாயிற்று. மணவிலக்கின்போது சொத்தைப் பங்கிடுங்கால், வீட்டைப் பார்த்துக்கொண்டும் குடும்பத்தைப் பேணியும் ஒருவர் செய்த உதவியையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. ஆயினும், பணம் சம்பாதித்துச் சொத்தை வாங்கியவருக்கே பெரும்பங்கு என்றும் அதே மூச்சில் கூறிவைத்தது. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்விதியை நீக்கி, சமபங்கை நோக்கியே நீதிமன்றம் சாயவேண்டும் என்றது. அடுப்படியில் கழிந்த ஆண்டுகளும் சொத்துச் சேர்த்த ஆண்டுகளே என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது. ஆனால் இம்மதிப்பு கிடைப்பது எப்போது? குடும்பம் உடைந்து நீதிமன்றத்தின் படியேறிய பிறகு. உடைந்தபின் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு, உடையாமலிருக்கும்போது கணக்குப் பார்க்க ஏன் கூச்சம் வருகிறது?

இனி எல்லாவற்றினும் கடினமான வாதத்துக்கு வருவோம். அது மாமியாரின் வாதம். "முப்பது வருஷம் நான் இந்த அடுப்பில் வெந்தேன். எனக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? இப்போது மருமகள் வந்திருக்கிறாள், நான் உட்காரக்கூடாதா?" என்று அந்த அம்மையார் கேட்கிறார். இக்கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளுகிறவர் மனசாட்சி இல்லாதவர். அவருக்கு ஓய்வு கடன்தான். ஆனால் அக்கடனைப் பட்டவர் யார்? முப்பது வருஷமும் அவர் கையால் உண்டவர்கள் அவருடைய கணவரும் பிள்ளைகளும். நேற்று வந்த பெண் அந்த முப்பது வருஷத்தில் ஒரு வாய்ச் சோறும் உண்டவளல்லள். கடன் வாங்கினவர் ஒருவர், அடைப்பவர் வேறொருவர் என்றால் அதை எந்தக் கணக்கன் ஒப்புவான்? மகன் தன் தாய்க்குப் பட்ட கடனைத் தன் மனைவியின் உடம்பால் அடைக்கிறான். அடைத்துவிட்டுத் தாயன்பு மிக்கவன் என்ற பெயரையும் தானே எடுத்துக்கொள்கிறான். பிறகு இரண்டு பெண்களும் அடுப்படியில் சண்டையிடுகிறார்கள். உண்மையான கடன்காரன் அஞ்சடியில் அமர்ந்து, "பெண்களுக்குள் ஒற்றுமையில்லை" என்று பெருமூச்சு விடுகிறான்!

அப்படியானால் தனிக்குடித்தனமே பரிகாரம் என்று இளைஞர் சிலர் முடிவு கட்டுகிறார்கள். சில வீடுகளில் அது அவசியமாயிருக்கலாம். ஆனால் அதுவே நியாயத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. பத்துப் பேருக்குச் சமைத்தவள் நால்வருக்குச் சமைப்பாள். அரிசியின் அளவு குறையும், முறை மாறாது. பெரிய குடும்பத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எடுத்துக்கொள்ளப் பல கைகள் உண்டு; முதியவர் தனித்து வாடுவதில்லை. பல கைகள் இருப்பதே அதன் பலம். அந்தக் கைகளில் ஒன்றிரண்டு மாத்திரம் வேலை செய்வதே அதன் நோய். நோயைத் தீர்க்க வீட்டை இடிக்க வேண்டியதில்லை. சும்மா இருக்கும் கைகளை அசைத்தால் போதும்.

"ஆண் கரண்டி பிடிப்பதா?" என்று முகஞ்சுளிப்பவர் உளர். கலியாண வீட்டில் அண்டா வைத்துச் சமைப்பவர் யார்? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானச் சோற்றைக் கிளறுபவர் யார்? பட்டணத்து ஒட்டுக்கடையில் ரொட்டி வீசுபவர் யார்? பெரும்பாலும் ஆண்களே. ஊர் பார்க்கச் சமைத்தால் திறமை, காசுக்குச் சமைத்தால் தொழில், வீட்டில் சமைத்தால் மட்டும் வெட்கம் என்பது என்ன தர்க்கம்? 1975 அக்டோபர் 24ஆம் தேதி ஐஸ்லாந்து தேசத்துப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வீட்டு வேலையையும் வெளிவேலையையும் ஒருநாள் நிறுத்தினர். அன்று ஆண்கள் குழந்தைகளைத் தம் வேலைத் தலங்களுக்கே தூக்கிச் செல்ல நேர்ந்தது. நம் பெண்களை அவ்வாறு செய்யுமாறு நாம் தூண்டவில்லை. அப்படி ஒருநாள் நின்றால்தான் கண் திறக்கும் என்ற நிலையில் ஆண்மக்கள் இருக்கலாகாது என்றே சொல்லுகிறோம்.

செய்யவேண்டியது பெரிய புரட்சியன்று. வீட்டிலுள்ள வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே அதைச் செய்பவர் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்ணால் கண்டபின் வாதத்துக்கு இடமிராது. சமைக்கிறவரின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பந்தி போடுங்கள். கூடுமானால் எல்லோரும் ஒன்றாய் உண்ணுங்கள். அடுக்களைச் செலவுப் பணத்தைச் சமைக்கிறவர் கையிலேயே கொடுங்கள். உப்புக்கும் புளிக்கும் கை நீட்டவைப்பது அவமதிப்பு. வாரத்தில் சில வேளைகளை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், பையன்களையும் பழக்குங்கள். சம்பந்தம் பேசும்போது எத்தனை பவுன் என்று கேட்கும் வாய், வீட்டில் எத்தனை பேர், வேலையை யார் யார் செய்வர் என்பதையும் பேசட்டும். பெண்வீட்டார் அதைக் கேட்டால் திமிர் என்று எண்ணவேண்டாம்.

வேலைக்குப் போகும் ஆணுக்கு மகப்பேற்று விடுப்பு 7 நாள் என்று 2023 ஜனவரி முதல் நாட்டின் சட்டம் இடம் தந்திருக்கிறது. அந்த ஏழு நாளில் மனைவிக்குக் கஞ்சி வைக்கத் தெரியாத கணவன், அவ்விடுப்பை எடுத்து யாருக்கு என்ன பயன்? சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்து அடுப்பைப் பற்றவைப்பது மனிதனின் வேலை.

நல்ல மருமகள் வாய்த்தால் குடும்பம் நடக்கும் என்ற பழைய வாக்கியத்தை இனி விட்டுவிடுவோம். கடனை உணர்ந்த ஆண்மக்கள் இருந்தால் குடும்பம் நடக்கும் என்று சொல்லிப் பழகுவோம். தாய்க்குப் பட்ட கடனைத் தன் கையால் அடைக்கிற மகனுடைய வீட்டில், மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பகைக்கக் காரணம் பெரிதும் குறைந்துபோகும். அன்று இரவு அரிசி களைவது அவன் கையாயிருக்கட்டும்.