கயிறு பிடித்தவர்

முத்தெடுத்தவர்களைப் பற்றிப் பேசாதார் தூத்துக்குடியில் இல்லை. ஆனால் முத்துக்குளிக்க இறங்கியவனின் கயிற்றைக் கையில் பற்றிக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பில் நீரையே பார்த்து நின்றிருந்தவனைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தகைய ஒருவர், 1980-களின் நடுவில், எங்கள் தெருக்கோடியில் உப்புக்காற்றுப் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்த திண்ணை ஒன்றில் பகல் முழுதும் அமர்ந்திருப்பார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, எனக்கு அண்ணாச்சி. இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் வருஷத்தில். அப்போது தம் தங்கை புருஷனுக்குக் கயிறு பிடித்தவர் அவர். உள்ளங்கையின் குறுக்கே ரேகைகளையெல்லாம் அழித்துக்கொண்டு ஒரு தழும்பு பளபளவென்று ஓடும். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த கைரேகைக்காரன் ஒருவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்துப் போனதாகச் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவரிடம் போய் உட்கார்ந்த அந்த மாலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான், பதினொரு வயதான என் மூத்த மகனை, வாழ்க்கையில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் கை நீட்டி அடித்திருந்தேன்.

அந்த நாட்களில் நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். கப்பலுக்குப் பகல் ஏது, இரவு ஏது? இரவு முறைக்குப் போய்விட்டு, நிலக்கரித் தூசி படிந்த சட்டையோடு வீடு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் பாயை விரித்துப் படுப்பவனாக மாதத்தில் பாதி நாட்களைக் கழித்த எனக்கு, நான் தூங்கும்போது என் வீடு எப்படி இருக்கும் என்பது தெரியாமலே இருந்தது. மனைவி தாளிக்கும் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். மகன் தம்பியின் வாயைப் பொத்துவான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவதும், பசி என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதுமாக அந்தப் பிள்ளைகள் இருவரும் ஊமைகளின் பாஷை ஒன்றையே உண்டாக்கி வைத்திருந்தார்கள் என்பது வெகுகாலம் கழித்தே என் காதுக்கு வந்தது. அந்த வீட்டில்தான், கணக்கில் தேறாத ரேங்க் கார்டில் என் கையெழுத்தை என்னைவிட லட்சணமாகப் போட்டுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தான் என் மகன். அடித்துவிட்டு, ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டேன். அவன் அழவில்லை. "நீங்க தூங்கிட்டு இருந்தீங்கப்பா" என்றான்.

அது சாக்கு அன்று. ஸ்திதியின் நேரான வர்ணனை. மறைக்கும் சுபாவத்தை அவனுக்கு யாரும் போதிக்கவில்லை. சத்தம் போடாதே என்ற ஒரே உபதேசத்தை ஐந்தாறு வருஷம் இடைவிடாமல் கேட்ட குழந்தை, சத்தம் போட வேண்டிய காரியத்தையும் சத்தமில்லாமலே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டிருந்தது. அவன் தாய் அன்பில் குறை வைத்தவள் அல்லள். நானும் உழைப்பில் குறை வைத்தவன் அல்லன். எங்கள் இருவருடைய நல்லெண்ணமும் கூடித்தான் அந்தப் பொய்க் கையெழுத்தைப் போட்டது என்று இன்றும் எண்ணுகிறேன்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றித்தான் கேட்டேன். காலில் கல்லும் இடுப்பில் வலைப்பையுமாக ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு ஒருவன் இறங்கிவிட்டால், எப்போது இழுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

"அவன் ஒரு சுண்டு சுண்டுவான், தம்பி. சுண்டுனதும் இழுக்கணும். அதுக்கு முந்தி இழுத்தா வெறும் பையோட வருவான், ஏசுவான்."

"சுண்டாமலே இருந்துவிட்டால்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதைக் கேட்டாச் சொல்ல முடியாது. கையில கயிறு இருந்தா தெரியும்."

குளியாளியின் கயிற்றை அவன் மைத்துனன் கையில்தான் கொடுப்பது என்பது இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வழக்கம். தேனெடுக்க மலைச்சரிவில் இறங்குகிறவனுக்கும் அவ்வாறே என்பதற்கு, மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி சாட்சி. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் மைத்துனன் கண்ணயர மாட்டான் என்பதே எல்லோரும் கூறும் காரணம். ஆனால் பெற்ற தகப்பன் பிடிக்கக் கூடாதா என்று நான் கேட்டபோது, அண்ணாச்சி சொன்ன பதில் வேறு எங்கும் நான் கேளாதது. "அண்ணன் தம்பி பிடிச்சா சொத்துல பங்கு இருக்கு. அப்பன் பிடிச்சா பயந்துபோய் முந்தி இழுத்துருவான்."

இந்த ஏற்பாட்டில் நான் கண்டு வியப்பது அதன் அடக்கம். மனிதனின் அன்பு அபாரமானது, அதை நம்பிக் கடலில் இறங்கலாம் என்று அந்த மக்கள் எண்ணவில்லை. அன்பு சாதாரணமாக இருந்தாலும் போதும் என்னும்படி சந்தர்ப்பத்தை அமைத்துக்கொண்டார்கள். நாமோ குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது, தாயின் தியாகம், தந்தையின் வாத்ஸல்யம் என்று அசாதாரணமான குணங்களையே கோருகிறோம். அந்தத் தாய்க்கு இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், அந்தத் தந்தை பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பதில்லை.

அக்கேள்வி இவ்வூரில் ஒரு தடவை பலமாகவே கேட்கப்பட்டது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். பத்து நாட்களுக்குள் கூலி உயர்வோடும் வேலை நேரக் குறைப்போடும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. சரித்திர ஆசிரியர்கள் இதைச் சுதேசிய இயக்கத்தின் அத்தியாயமாக எழுதுவார்கள்; எழுதட்டும். இரவு முறைக்காரனாகிய எனக்கு அது, தகப்பன்மார் விழித்திருக்கும் ஒரு பகலை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த காரியமாகவே தோன்றுகிறது. வாங்கிக் கொடுத்த சிதம்பரம் பிள்ளைக்கோ அது வாய்க்கவில்லை. அடுத்த மாதம் 12-ஆம் தேதியே அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தும், 1912 டிசம்பர் இறுதியில்தான் வெளியே வந்தார். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் சித்தமே கலங்கிப் போயிற்று.

சிதம்பரம் பிள்ளையின் சொந்தப் பால்யமோ நிறைந்த பால்யம். ஒட்டப்பிடாரத்து வீட்டில் பாட்டி சிவபெருமான் கதைகளையும் பாட்டனார் இராமாயணத்தையும் சொல்ல, மகன் ஆங்கிலம் படிக்க ஆசிரியர் இல்லையென்றதும் ஊராரைச் சேர்த்துக்கொண்டு தந்தை உலகநாத பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தையே எழுப்ப, நீச்சலும் சிலம்பமும் குதிரையேற்றமுமாக வளர்ந்தவர் அவர். கயிறு பிடிக்க ஒன்றுக்கு நான்கு கைகள் இருந்தன. அவர் மக்களுக்குக் கிடைத்ததோ, கப்பல் கம்பெனியும் வக்கீல் சன்னதும் செல்வமும் போய்விட்ட ஒரு தந்தையும் சென்னையின் வறுமையும். பிற்காலத்தில் அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயரை எதிர்த்துக் கப்பல் விட்டவர் தம் நன்றிக்கடனைப் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும். பெற்றோரின் கடன்களைப் பிள்ளைகள் சுமக்கும் விதங்கள்தாம் எத்தனை!

சிறைவாசத்தின் போது அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றைத் தமிழாக்கி, அதற்கு 'மனம் போல வாழ்வு' என்று பெயரிட்டார். மனமே சந்தர்ப்பங்களைப் படைக்கிறது என்பது அதன் சித்தாந்தம். செக்கிழுத்த மனிதர் அதை நம்பியதில் ஒரு மகத்துவம் உண்டு. அவரிடம் தர்க்கம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அதே சித்தாந்தத்தை, அரை வயிற்றோடு பள்ளிக்கு வரும் உப்பளத் தொழிலாளியின் மகளிடம் நாம் ஒப்பிக்கும்போது, அது வேறொன்றாக மாறிவிடுகிறது.

துன்பம் பிள்ளையை முத்தாக்கும், சிப்பிக்குள் விழுந்த உறுத்தலே முத்தாகிறது பாருங்கள் என்று பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பேசுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சிப்பிக் குவியலைக் கண்டவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறவாமலே ஏலத்தில் எடுத்து, வெயிலில் போட்டு நாட்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தச் சேற்றை நீர்விட்டு அலசிப் பார்த்தால், மிகப் பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமே இராது. உறுத்தல் எல்லாச் சிப்பிக்கும் இருந்திருக்கலாம். கிடைத்த முத்தை மட்டும் மேடைக்குக் கொண்டுவருகிறோம். நாற்றத்தை யாரும் கொண்டுவருவதில்லை. 1973-இல் இங்கே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார்களே, அவர்களும் சிப்பியை வெறுமனே உறுத்திவிட்டுப் போய்விடவில்லை. கூடையில் வைத்துத் தொங்கவிட்டு, மேலே ஒட்டும் பாசியையும் பூச்சியையும் சுரண்டிச் சுத்தம் செய்து காத்திருந்தார்கள்.

பெற்றோர்தாம் பிள்ளையை உருவாக்குகிறார்கள் என்பதும் ஒரு பாதிதான். 1542-இல் இக்கரைக்கு வந்த பாதிரியார் சவேரியார், கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைத் திரட்டி மந்திரங்களைக் கற்பித்து, அதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று அனுப்பினார். அவ்விதமாகவே தலைமுறையின் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பியது. அந்த ரேங்க் கார்டும் எனக்கு அப்படித்தான் பாடமாயிற்று. இரவு முறையை விட என்னால் முடியவில்லை. சம்பளம் அதில்தான் இருந்தது. தூங்கும் நேரத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். காலையில் வந்ததும் படுக்காமல், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்வரை விழித்து உட்கார்ந்திருப்பேன். கண் எரியும். பேச ஒன்றுமிராது, பல நாட்கள் பேசியதும் இல்லை. முதல் வாரம் அவர்கள் அந்தக் கை ஜாடையிலேயேதான் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் சின்னவன், சட்டினி உறைக்கிறது என்று வீடே அதிரக் கத்தினான். என் மனைவி பதறிப்போய் என்னைப் பார்த்தாள்.

அண்ணாச்சியைக் கடைசியாக நான் பார்த்தது, அவர் பேத்திக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம். உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் வாசற்படியில் நின்றேன். தொட்டிலில் அழுகைகூட இல்லை. துணி ஓரிடத்தில் லேசாக அசைந்தது. குறட்டை நிற்கவில்லை. கால் மட்டும் அசைந்தது.